விமானக்காரனுக்குப் பயன் சொன்ன கதை

எங்கள் அம்மன் கோயிலில் மார்கழி மாதம் புராணம் படிப்பார்கள். ஒருவர் பாட்டை இராகம் போட்டுப் படிக்க, பக்கத்தில் இருப்பவர் அதன் பொருளைச் சனங்களுக்கு விளங்கும்படி சொல்ல வேண்டும். இதைப் பயன் சொல்லுதல் என்போம். படிப்பவர் கோயில் பொறுப்பைப் பார்க்கும் வண்ணக்கர். பயன் சொல்வது நான். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் என்றாலும், நாலு வரிப் பாட்டுக்கு அரை மணித்தியாலம் பயன் சொல்வேன். அது அம்மன் தந்த வரம் என்று நான் நினைத்திருந்தேன். வாய்க்கொழுப்பு என்று என் மனைவி நினைத்திருந்தாள்.

அந்த வருடம் மார்கழிப் படிப்பு முடிகிற நேரத்தில் கடல் வந்தது. எங்கள் ஊர் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் கிடக்கும் ஒரு மணல் துண்டு. கடல் ஊரைக் கடந்துபோய் வாவியைத் தொட்டுவிட்டுத் திரும்பியது. கோயிலின் முன் மண்டபம் போனது. புராணப் புத்தகமும் வண்ணக்கரின் மூக்குக் கண்ணாடியும் போயின. என் மனைவி, இரண்டு பெண் பிள்ளைகள், எங்களோடு இருந்த அக்கா, எல்லோரும் தப்பினோம். இதை இன்றைக்கும் சத்தமாகச் சொல்ல எனக்குக் கூச்சம். பக்கத்தில் யாராவது பிள்ளையைப் பறிகொடுத்தவர் இருப்பார்.

செங்கலடிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் எங்களை வைத்தார்கள். நிவாரணம் வந்தது. முதல் பெட்டியில் கம்பளிக் கோட்டுகள். மட்டக்களப்பு வெயிலில் அதைப் போட்டால் சுனாமிக்குத் தப்பியவன் கோட்டுக்குத் தப்ப மாட்டான். இரண்டாவது பெட்டியில் குதி உயர்ந்த சப்பாத்துகள், எல்லாம் இடது கால். மூன்றாவதில் பழைய கண்ணாடிகள். அதில் வண்ணக்கரின் கண்ணுக்குச் சரிவந்தது ஒன்றே ஒன்று. வண்ணத்துப்பூச்சிச் செட்டை மாதிரி இரண்டு பக்கமும் மேலே வளைந்த, பொன் நிறமான, வெள்ளைக்காரப் பெண்கள் போடும் கண்ணாடி. அவர் அதைப் போட்டுக்கொண்டு, விபூதியை மூன்று குறியாகப் பூசி, ஒன்றும் நடவாதது போல இருந்தார். நாங்களும் அப்படியே இருந்தோம்.

பிறகு, எங்கள் மனத்தைச் சுகமாக்க என்று கொழும்பிலிருந்து ஒரு பிள்ளை வந்தாள். பெரியவர்களுக்கும் வர்ணப் பென்சில் தந்து மனதில் உள்ளதைக் கீறச் சொன்னாள். வண்ணக்கர் ஒரு பூசணிக்காய் கீறினார். அவள் அதைப் பார்த்துக் கண் கலங்கி, குறிப்புப் புத்தகத்தில் ஒரு பக்கம் எழுதினாள். உண்மையில் அவருக்குப் பூசணிக்காயைத் தவிர வேறு ஒன்றும் கீறத் தெரியாது.

போகும்போது அவள் ஒரு பெட்டி புத்தகம் தந்தாள். கேக் சுடுவது எப்படி, பனியில் சறுக்குவது எப்படி என்றெல்லாம் இங்கிலீசில் இருந்தன. தமிழில் ஒன்றே ஒன்று. அட்டை இல்லை. யாரோ இந்தியாவில் மொழிபெயர்த்தது. பழைய உலக யுத்தம் ஒன்றில் சண்டை விமானம் ஓட்டிய ஓர் இளைஞன், இருபத்தொரு வயதுக்காரன், தன் கதையைத் தானே எழுதியிருந்தான். எந்த நாட்டான் என்று கடைசிவரை எங்களுக்குச் சரியாகத் தெரியவில்லை. குளிர் நாடு என்பது மட்டும் தெரிந்தது. சனங்கள் அந்தக் கோட்டுகளை நினைத்துக்கொண்டார்கள்.

“புத்தகம் எண்டாப் புத்தகம்தான்,” என்றார் வண்ணக்கர். “எல்லாம் சரஸ்வதி. விளக்கேத்துங்க, படிப்பம்.”

இப்படித்தான் தொடங்கியது. மத்தியானச் சாப்பாட்டுப் பார்சல் முடிந்ததும், வகுப்பறையில் கரும்பலகைக்குக் கீழே குத்துவிளக்கு ஏற்றி, பிள்ளையாருக்குக் காப்புப் பாடி, வண்ணக்கர் படிப்பார். உரைநடையை எப்படி இராகத்தில் படிப்பது என்று முதல் நாள் கொஞ்சம் திண்டாடினார். இரண்டாம் நாள் பிடித்துவிட்டார். “இயந்திரத்தை முடுக்கினேன்” என்பதை அவர் இழுத்துப் பாடினால் தேரில் அருச்சுனன் ஏறுவது போல இருக்கும். நான் பயன் சொல்வேன். “அதாவது மெய்யன்பர்களே, அந்தத் தம்பியானவர், தாயை மனதில் நினைத்து, அந்த இயந்திரமாகப்பட்டதை முடுக்குகின்றார்.” புத்தகத்தில் தாய் அந்த இடத்தில் இல்லை. ஆனால் தாயை நினைக்காமல் ஒருவன் எதையாவது முடுக்குவானா?

சனங்களுக்கு அவனைப் பிடித்துவிட்டது. முதலில் ‘விமானக்காரன்’ என்றார்கள். மூன்றாம் நாள் ‘அந்தத் தம்பி’. ஒரு கிழமையில் ‘எங்கட புள்ள’. அவன் குளிரில் நடுங்கினால் பெண்கள் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்தினார்கள். ஒரு நாள் விமானத்தில் எண்ணெய் முடிந்து அவன் கடலுக்கு மேலே தவித்த இடத்தில் வண்ணக்கர் புத்தகத்தை மூடி, மீதி நாளைக்கு என்றார். அடிக்க வந்துவிட்டார்கள்.

“வண்ணக்கர், புள்ளய இறக்கிப்போட்டுப் போங்க! அந்தரத்தில விட்டுட்டுப் போனா எங்களுக்குச் சோறு இறங்குமா?”

அவர் திரும்ப உட்கார்ந்து அவனை இறக்கினார். சக்கரம் தரையைத் தொட்டதும் பெண்கள் குரவை போட்டார்கள். கலியாண வீட்டிலும் கோயிலிலும் மட்டும் போடும் குரவை. குண்டைப் போட்டுவிட்டு வந்த ஒருவனுக்கு எங்கள் ஊர்ப் பெண்கள் குரவை போட்டதை நான் என் காதால் கேட்டேன்.

அவன் இரண்டாம் முறை புறப்பட்ட நாளில்தான் எங்கள் தலைக்கு மேலேயும் ஒரு சத்தம் கேட்டது. நிவாரணம் கொண்டுவந்த ஹெலிகொப்டர். எங்களுக்கு அது எப்படித் தெரியும்? மேலே சத்தம் என்றால் கீழே போவதுதான் நாங்கள் பழகிய பழக்கம். ஒரு நொடியில் ஐம்பது அறுபது பேர் வாங்குமேசைகளுக்குக் கீழே கிடந்தோம். வண்ணக்கர் விளக்கைத் தள்ளிவிடாமல் புத்தகத்தோடு உருண்டார். சத்தம் போனதும் மேசைக்குக் கீழிருந்து ஒரு கிழவி தலையை நீட்டினாள்.

“போயிட்டான் போல. மறுகா என்ன நடந்திச்சு? எங்கட புள்ள மேல ஏறிட்டானா?”

எல்லோரும் சிரித்தோம். வாசலடியில் இருந்த அக்கா மட்டும் சிரிக்கவில்லை.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களுக்கு வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில், கொஞ்சம் வயல் இருந்தது. பல வருடத்துக்கு முன் ஒரு விதைப்புக் காலத்தில் அத்தான் வண்டிலில் விதைநெல் ஏற்றிக்கொண்டு வட்டைக்கு, எங்கள் வயல்வெளிக்கு, போனார். காலை பத்து மணியிருக்கும். அரசாங்கத்துக் கிபிர் விமானம் வந்து குண்டு போட்டது. அன்று மாலை வானொலியில், படுவான்கரையில் முகாம் ஒன்று தாக்கி அழிக்கப்பட்டது என்றார்கள். ஓர் ஆளும் இரண்டு மாடுகளும் ஒரு வண்டில் விதைநெல்லும் சேர்ந்தால் ஒரு முகாம் என்று அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் அத்தானின் திதியன்று அக்கா அம்மன் வாசலில் ஒரு பிடி மண் அள்ளித் தூற்றுவாள். “தாயே, மேல இருந்து போட்டவன்ட கண் அவியோணும்” என்பாள். அம்மனுக்கு முன்னால் சாபம் போடலாமா என்று நான் கேட்டிருக்கிறேன். “வேற யாருக்கு முன்னால போட? அரசாங்கக் கச்சேரியிலயா?” என்று கேட்டாள்.

படிப்பு நடக்கும்போது அவள் வாசலடியில் சுளகை வைத்துக்கொண்டு நிவாரண அரிசியில் கல் பொறுக்குவாள். விளக்குக்குக் கிட்ட வரமாட்டாள். நான் எழும்பியதும் ஒரே கேள்விதான்.

“தம்பி, கீழ இருந்த சனத்தப் பற்றி அவன் எங்கயாவது சொல்லுறானா?”

“இன்னும் வரல்ல அக்கா.”

“வருமா?”

“வரும்போல.”

வராது என்று எனக்குத் தெரியும். நான் புத்தகத்தைத் தனியாக எடுத்துக் கடைசிவரை பார்த்துவிட்டேன். அவன் கெட்டவன் இல்லை. பகிடிக்காரன், சிரிக்க வைப்பான். செத்துப்போன கூட்டாளிகளை நினைத்து அழுதான். தன் விமானத்தைக் குதிரை போலத் தடவினான். மேகத்தைப் பற்றி மூன்று பக்கம் அழகாக எழுதியிருந்தான். கீழே இருந்த சனம் மட்டும் அவன் கண்ணில் படவே இல்லை. கீழே இருந்தவை வீதி, பாலம், இலக்கு. ஓரிடத்தில் இப்படி எழுதியிருந்தான்: “இலக்கு எரிந்தது. திரும்பினோம். கோப்பி சூடாக இருந்தது.”

அந்தப் பக்கம் வரும் நாளும் வந்தது. அன்று காலை அம்மனை நினைத்துக் கும்பிட்டேன். வண்ணக்கர் அந்த மூன்று வசனத்தையும் இராகத்தோடு படித்து நிறுத்தினார். “பாவம், அந்தக் குளிருக்குக் கோப்பி தேவைதானே,” என்றாள் ஒருத்தி. நான் தொண்டையைக் கனைத்தேன்.

“அதாவது மெய்யன்பர்களே, அந்தத் தம்பியானவர் திரும்பும் வழியிலே கீழே குனிந்து பார்க்கின்றார். அங்கே ஒரு வயல். வயலிலே ஒரு வண்டில். பக்கத்திலே ஒரு கமக்காரன் அண்ணாந்து பார்க்கின்றான். ஐயோ, இவனுக்கும் வீட்டிலே ஒருத்தி இருப்பாளே, சோற்றை மூடி வைத்துக்கொண்டு பார்த்திருப்பாளே என்று அந்தப் பிள்ளை கலங்குகின்றார். கோப்பி வந்தது, சூடாக வந்தது, அதைக் குடிக்க முடியாமல் கண்ணீர் விடுகின்றார்...”

கோப்பி ஆறிப்போகும் வரைக்கும் சொன்னேன். வகுப்பறை முழுவதும் மூக்குறிஞ்சும் சத்தம். வண்ணக்கர் பொன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்த பார்வையில் விளக்கே அணைந்திருக்கும்.

படிப்பு முடிந்ததும் என்னைக் கரும்பலகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

“என்ன காணும் இது? எழுத்தில இல்லாதத விளக்கேத்தி வைச்சுச் சொல்லுறீர்? நாக்கு அழுகிப் போகும்.”

“பயன்தானே வண்ணக்கர் சொன்னன்.”

“வண்டில் எங்க இருக்கு அதுல? எனக்குக் காட்டும்!”

அவருக்குக் காட்ட வேண்டி வரவில்லை. அதற்கு முன் அக்கா வந்துவிட்டாள். புத்தகம் வந்த நாளிலிருந்து முதல்முறையாக விளக்குக்குக் கிட்ட வந்தாள்.

“தம்பி, அந்த இடத்தக் காட்டு.”

அக்கா பள்ளிக்கூடம் போனவள் இல்லை. நான் பக்கத்தைத் திருப்பி, கோப்பி வரியைக் காட்டினேன். அவள் அரிசித் தவிடு ஒட்டிய விரலை அந்த வரியில் வைத்து, எடுத்து, இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டாள். வண்ணக்கர் வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் அவர் செய்த பெரிய தருமம் அதுதான் என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்த திதிக்கு அக்கா மண் தூற்றவில்லை. இடிந்த கோயில் வாசலில் நின்று, “தாயே, அவன்ட கண்ண விட்டிரு” என்றாள். “அக்கா, புத்தகத்தில இருக்கிறவன் வேற ஆள். அத்தானுக்குப் போட்டவன் வேற ஆள்,” என்றேன். சொன்ன பொய்யில் பாதியையாவது திருப்பி எடுக்கலாம் என்று ஓர் ஆசை.

“தெரியும். நான் விசரி இல்ல. ஒருத்தன் குனிஞ்சு பார்த்தான் எண்டா மற்றவனும் ஒரு நாளைக்குப் பார்த்திருப்பான்தானே.”

நான் கற்பூரத்தை ஏற்றினேன்.

எங்களுக்குச் சுனாமி வீடு கிடைத்து ஊருக்குத் திரும்பினோம். புத்தகத்தை வண்ணக்கர் சிவப்புப் பட்டில் சுற்றிக் கோயில் அலுமாரியில் வைத்தார். விளக்கேற்றிப் படித்த புத்தகத்தைச் சும்மா வீசலாமா? கொஞ்சக் காலத்தில் சண்டை திரும்பத் தொடங்கியது. எங்கள் தலைக்கு மேலே கிபிர் மேற்கே போகும். வாவிக்கு அந்தப் பக்கம் புகை எழும்பும். ஊரில் சிலர் அக்காவையே குறை சொன்னார்கள். “இந்த மனிசி சாபத்த எடுத்தாவே, அதுதான் அவனுகளுக்கு இப்ப நல்லாக் கண் தெரியுது.” நல்லாகக் கண் தெரிகிறவன் ஏன் சனம் ஒளிந்த பள்ளமும் பற்றையுமாகப் பார்த்துப் போடுகிறான் என்று யாரும் கேட்கவில்லை.

படுவான்கரைச் சனம் வாவியைக் கடந்து வந்தார்கள். நாங்கள் இருந்த அதே பள்ளிக்கூடத்தில்தான் அவர்களையும் வைத்தார்கள். அக்கா ஒவ்வொரு நாளும் மத்தியானம் சோறும் கறியும் கட்டிக்கொண்டு பஸ்ஸில் போவாள். ஒரு நாள் போன வேகத்தில் திரும்பி வந்தாள். நான் படலையடியில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

“தம்பி, அந்தப் புத்தகத்த வண்ணக்கரிட்ட வாங்கித் தா.”

“ஏன் அக்கா?”

“அங்க ஒரு புள்ள. புருசன் வயலுக்க போனவன், எங்கட அவரப் போலத்தான். நாலு நாளாக் கதைக்கிறாள் இல்ல. இண்டைக்கு வாய் திறந்து கேட்டாள், மேல இருக்கிறவனுக்கு எங்களத் தெரியாதா அக்கா எண்டு. தெரியும் புள்ள, குனிஞ்சு பார்ப்பான், அழுவான், புத்தகத்திலயே இருக்கு எண்டன். நம்புறாள் இல்ல. கொண்டு வந்து காட்டுங்க எண்டுறாள். அவள் பத்தாம் வகுப்புப் படிச்சவள், தானே வாசிப்பாள்.”

என் கையில் இருந்த ஊசி நின்றுவிட்டது. அக்கா என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கு எழுத்துத்தான் தெரியாது.

“இல்லையா?”

“இல்ல அக்கா.”

“ஒரு வரியும்?”

“ஒரு வரியும் இல்ல. கோப்பி சூடா இருந்தது எண்டு மட்டும் இருக்கு.”

அவள் நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். நான் கும்பிடாத குறையாக என்னென்னவோ சொன்னேன். உங்களுக்காகத்தான் சொன்னேன் என்றேன். மனம் ஆறட்டும் என்று சொன்னேன் என்றேன். அவள் காதில் எதுவும் ஏறவில்லை.

“எனக்குச் சொன்னது போகட்டும் தம்பி,” என்றாள் பிறகு. “அதை நான் அவளுக்கும் சொல்லிப்போட்டனே.”

அன்றிலிருந்து அக்கா என்னோடு பேசவில்லை. சாப்பாடு போடுவாள். கறி எப்படி என்று என் மனைவியிடம் கேட்பாள். மனைவி என்னிடம் கேட்பாள். நான் மனைவியிடம் சொல்வேன். ஒரே திண்ணைப் பலகையில் மூன்று பேர் இருந்துகொண்டு இப்படி நடந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போய் அந்தப் பெண்ணிடம், தான் சொன்னது பொய் என்று அக்கா தானே சொன்னாளாம். இதையும் மனைவி வழியாகத்தான் அறிந்தேன். நான் செய்ய வேண்டிய வேலையை அவள் செய்தாள்.

பிறகு சண்டை முடிந்தது என்று வானொலி சொன்னது. சந்தியில் ஆமிக்காரர் பட்டாசு கொளுத்தினார்கள். பட்டாசுச் சத்தத்துக்கு எங்கள் ஊர்ச் சனம் மேசைக்குக் கீழே போய், வெளியே வந்து, தந்த பாற்சோற்றை வாங்கிச் சாப்பிட்டது. சிரிக்க வேண்டிய நாள் என்று சொல்லியிருந்தார்கள். சிரித்தோம்.

அந்த வருடம் ஐப்பசியில் ஒரு காலைப்பொழுது அக்கா சிவப்புப் பட்டு மூட்டையோடு வந்து என் முன்னால் நின்றாள். வண்ணக்கரின் மனைவியிடம் கோயில் அலுமாரிச் சாவியைக் கேட்டு வாங்கி எடுத்திருக்கிறாள். இரண்டு வருடத்துக்கும் மேலாக என்னோடு பேசாதவள் பேசினாள்.

“பேனை எடு.”

புத்தகத்தின் கடைசியில் வெறும் தாள்கள் நாலைந்து இருந்தன. அவள் சொல்ல நான் எழுதினேன். அத்தானின் பெயர். அவருடைய தகப்பன் பெயர். வட்டையின் பெயர். காலையில் பழஞ்சோறும் வாவி இறாலும் தின்றார். வண்டிலில் எத்தனை மூட்டை விதைநெல். நான் என் பழக்கத்தில் இடையில் ஒரு ‘ஐயகோ’ போட்டுவிட்டேன். எழுதும்போதே சத்தமாகச் சொல்லும் வழக்கம் எனக்கு. பிடிபட்டேன்.

“அத வெட்டு.”

வெட்டினேன். ‘பொன்னான மனிதர்’ என்று எழுதப் போனேன்.

“அவர் பொன்னுமில்ல வெள்ளியுமில்ல. வாய் பொல்லாத மனிசன். அண்டைக்குக் காலமையும் இறாலுக்கு உப்புக் கூட எண்டு ஏசிப்போட்டுத்தான் போனவர். அப்பிடியே எழுது.”

அப்படியே எழுதினேன். மூன்றரைப் பக்கம் வந்தது. என் வாழ்க்கையில் நான் இவ்வளவு சிக்கனமாக எதையும் சொன்னது கிடையாது.

மார்கழியில் புதுப் புராணப் புத்தகத்தோடு படிப்பு நடந்தது. கடைசி நாள் மத்தியானம், எல்லாம் முடிந்து, ‘எங்கட புள்ளயிட கதையையும் ஒருக்காப் படியுங்க வண்ணக்கர்’ என்று பெண்கள் கேட்டார்கள். அவருக்கும் ஆசைதான். எண்ணெய் முடிந்து கடலுக்கு மேலே தவித்த இடத்தைப் படித்தார். குரவை கேட்டது. புத்தகத்தை மூடப் போனார்.

“இன்னும் இருக்கு,” என்றாள் அக்கா.

அவர் புரட்டிப் பார்த்தார். என் கையெழுத்தைக் கண்டார்.

“இது என்ன காணும்? இது அச்சில இல்லையே. இத எப்பிடி விளக்கடியில வாசிக்கிற?”

“எழுத்தில இல்லாததச் சொல்லக் கூடாதெண்டு நீங்கதானே சொன்னீங்க,” என்றாள் அக்கா. “இப்ப எழுத்தில இருக்கு.”

“அதுக்காக...”

“ஒருத்தன் கோப்பி குடிச்சத இராகம் போட்டுப் பாடின வாய்தானே வண்ணக்கர்?”

யாரோ ஒருத்தி சிரித்துவிட்டாள். வண்ணக்கர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டார். இராகம் இல்லாமல் வாசிக்கத் தொடங்கினார். என் கையெழுத்து கோழி கிண்டியது போல இருக்கும். ஒவ்வொரு சொல்லாகத் தட்டித் தடவி வாசித்தார். அத்தானின் பெயர். தகப்பன் பெயர். வட்டையின் பெயர். இறாலுக்கு உப்புக் கூட.

அங்கே நிறுத்திவிட்டு, பழக்கத்தில், என் பக்கம் திரும்பினார். பயன் சொல்லும் இடம். சனமும் என்னைப் பார்த்தது. நான் தொண்டையைக் கனைத்தேன். மெய்யன்பர்களே என்றேன். அதற்குப் பிறகு சொல்ல எனக்கு ஒரு சொல்லும் வரவில்லை.

“பயன் தேவையில்ல,” என்றாள் அக்கா. “அடுத்த வரியப் படியுங்க, வண்ணக்கர்.”

அடுத்த வரியில் மாடுகளின் நிறம் இருந்தது. அவர் படித்தார்.